வாய் இருக்கிறது, காது எங்கே?

உங்கள் கார் உங்களோடு பேசுகிறதா? இல்லை என்றால் கவலை வேண்டாம். அடுத்த முறை ஷோரூம் பக்கம் போனால் பேசுகிற காரைத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

2019 மே மாதம் ஹூண்டாய் கம்பெனி 'வென்யூ' என்ற காரைக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு சிம் கார்டு, 'ப்ளூலிங்க்' என்று அதற்கொரு பேர், மொத்தம் 33 வசதிகள். வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனைத் தட்டினால் தெருவில் நிற்கிற காரில் ஏ.சி. ஓடும். திருடன் ஓட்டிக்கொண்டு போனால் எந்த ரோட்டில் போகிறான் என்று காட்டிக்கொடுக்கும். எங்காவது மோதி ஏர்பேக் விரிந்தால் கம்பெனி கால் சென்டருக்குத் தானாகவே தகவல் போய்விடும். கொஞ்ச நாளில் எம்.ஜி. ஹெக்டர் 'இன்டர்நெட் கார்' என்று சொல்லிக்கொண்டு வந்தது. இப்போது யாரைக் கேட்டாலும் 'கனெக்டட் கார் சார்' என்கிறார்கள்.

வென்யூவை அப்போது செய்தது இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில். காஞ்சிபுரம் மாவட்டம். அதே மாவட்டத்தில் ஒரகடத்தில்தான் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க மத்திய அரசு கட்டிய குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது. ஆக, பட்டுக்குப் பேர் போன மாவட்டம் இன்றைக்குப் பேசுகிற காருக்கும் பேர் போன மாவட்டம். சந்தோஷம்.

சரி, அந்தக் காரில் மாவட்டத் தலைநகருக்கு ஒரு நடை போய்வருவோமா? பொன்னேரிக்கரையில் திரும்பி ஊருக்குள் நுழைந்து காந்தி ரோட்டுக்கு வாருங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ரொம்ப விசேஷம். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ கையைக்கூடக் காட்டாமல் நிற்கும். பக்கத்தில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் பட்டு நூல் மூட்டையோடு ஒரு நெசவாளர். எதிரே ஜவுளிக்கடைத் தரகர் பைக்கில் வந்து உங்கள் கண்ணாடியைத் தட்டுவார். மூங்கில் மண்டபத்தைத் தாண்டினால் கோயிலுக்குப் போகிற பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடப்பார். 33 வசதி கொண்ட உங்கள் கார் இவர்களில் யாரோடு பேசும்?

ஒருத்தரோடும் பேசாது. அதற்குப் பேசத் தெரிந்தது கம்பெனியோடு மட்டும்தான்.

இதைக் கிண்டல் என்று நினைத்தால் கணக்கைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசே வெளியிட்ட எண். அதில் டூ-வீலரில் போனவர்கள் 44.5 சதவிகிதம், நடந்து போனவர்கள் 19.5 சதவிகிதம். இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். பேசுகிற கார் யாரைக் காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறதோ, அவர் பெரும்பாலும் காரில் இருப்பவர். ரோட்டில் செத்துப்போகிறவர் பெரும்பாலும் காருக்கு வெளியே இருப்பவர்.

'அதெல்லாம் கார் கம்பெனிக்காரன் வியாபாரம், அவனை எதற்குத் திட்டுகிறாய்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நான் பேச வந்தது கம்பெனியைப் பற்றி இல்லை. அரசாங்கம் நம் தலைமீது நடத்திக்கொண்டிருக்கிற வெள்ளோட்டத்தைப் பற்றி.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வெள்ளோட்டம் என்றால் விளக்க வேண்டியதில்லை. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை மாட வீதியில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் உருளுகிறதா என்பது மட்டும் இல்லை. முனையில் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போடுகிற ஆள் சரியான நேரத்துக்குப் போடுகிறாரா, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உற்சவர் ஏறுவார். சாமியை ஏற்றிவிட்டு, 'இனிமேல்தான் முட்டுக்கட்டைக்கு ஆள் தேடப் போகிறோம்' என்று எந்தக் கோயில் நிர்வாகமாவது சொன்னால் ஊர் சும்மா விடுமா?

நம் வாகனங்களில் நடந்தது அதுதான்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்த ஒரு பட்டனும் வேண்டும் என்று முடிவானது. மிக நல்ல முடிவு. 2016 நவம்பரில் மோட்டார் வாகன விதியில் சேர்த்தார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய், 2019 ஜனவரி 1 முதல் பதிவாகிற பஸ், டாக்ஸி எல்லாவற்றிலும் கருவி கட்டாயம் என்றார்கள். பழைய வண்டிகளுக்கு எப்போது என்பதை மாநிலங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, பட்டனை அழுத்தினால் தகவல் போய்ச் சேர ஒரு கட்டுப்பாட்டு அறை வேண்டுமே? அந்த அறைகளை மாநிலங்களில் அமைக்க நிர்பயா நிதியிலிருந்து சுமார் 464 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது 2020 ஜனவரியில். இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பட்டன் 2019 ஜனவரி. பட்டனின் மறுமுனைக்கான பணம் 2020 ஜனவரி. வாய் வைத்து ஒரு வருடம் கழித்துக் காதுக்கு டெண்டர்!

விதியின் விலக்குப் பட்டியலையும் பாருங்கள். டூ-வீலர், த்ரீ-வீலர், இ-ரிக்‌ஷா ஆகியவற்றுக்குக் கருவி தேவையில்லை. அதாவது ராத்திரி எட்டரைக்கு ஜவுளிக்கடை வேலை முடிந்து பிள்ளையார்பாளையம் திரும்புகிற பெண் எந்த ஷேர் ஆட்டோவில் போகிறாரோ, அதில் பட்டன் இல்லை. சென்னையிலிருந்து ஏ.சி. டாக்ஸியில் புடவை எடுக்க வந்தவருக்கு உண்டு. புடவை எடுத்துக் காட்டியவருக்குக் கிடையாது.

நான் பி.காம். படித்தவன். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதல் வருடம் சொல்லிக்கொடுத்த பாடம்தான் ஞாபகத்துக்கு வரும். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுதியாக வேண்டும். இந்தத் திட்டத்தின் பேரேட்டில் தருபவர் யார் என்று தெளிவாக இருக்கிறது. வண்டிக்காரர். கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய், அப்புறம் சிம்முக்கு, புதுப்பிப்புக்கு என்று தனித்தனியாக. எஃப்.சி.க்குப் போகும்போது கருவி இல்லாவிட்டால் பிரச்னை. பெறுபவர் பக்கத்தில் யார் பேரை எழுதுவது? பயணி என்றால், பட்டனை அழுத்திய எத்தனாவது நிமிடத்தில் அவருக்கு உதவி வரும்? அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு பக்கம் காலியாக இருக்கிற பேரேட்டை ஆடிட்டர் ஏற்றுக்கொள்வாரா? நாம் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்?

'நம்ம ஊர்ல இப்படித்தான் சார், எதுவுமே உருப்படாது' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் உருப்படுகிறவை உருப்படியாக நடக்கத்தான் செய்கின்றன. நெமிலி சுங்கச்சாவடிக்குப் போய்ப் பாருங்கள்.

ஃபாஸ்டேக் என்பதும் வண்டி ரோட்டோடு பேசுகிற தொழில்நுட்பம்தான். 2014-ல் சில சாவடிகளில் வெள்ளோட்டம் விட்டார்கள். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம் என்று அறிவித்தார்கள். நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது. ஸ்டிக்கரை மெஷின் படிக்கவில்லை என்றால் என்ன ஆகிறது? சாவடி ஊழியர் கையில் சின்ன மெஷினோடு வண்டி அருகே ஓடி வருகிறார். வெயிலோ மழையோ, ராத்திரி இரண்டு மணியோ, யாராவது ஒருத்தர் வருகிறார்.

பணத்துக்கு ஓடி வர ஆள் இருக்கிறது. சிவப்புப் பட்டனுக்கு ஓடி வருவது யார்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். தொழில்நுட்பம் நமக்கு வராமல் இல்லை. எங்கே வசூல் இருக்கிறதோ அங்கே வருகிறது, வேலையும் செய்கிறது. எங்கே பதில் சொல்லும் பொறுப்பு இருக்கிறதோ அங்கே மட்டும் சிக்னல் கிடைப்பதில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் நமக்குத்தான் வெட்கம். ஐரோப்பாவில் 'ஈ-கால்' என்று ஒரு ஏற்பாடு. கார் பலமாக மோதினால் அதுவே 112 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டு, எங்கே மோதியது என்று சொல்லிவிடும். 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல் கார்களில் கட்டாயம். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே, 2017 அக்டோபர் 1-க்குள், அந்த அழைப்பை எடுத்துப் பேசும் மையங்களை எல்லா நாடுகளும் தயார் செய்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முதலில் காது, பிறகுதான் வாய். இன்னொன்று, மோதாத வரைக்கும் அந்தக் கருவி தூங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எந்த ஹோட்டலுக்குப் போனீர்கள், யார் வீட்டு வாசலில் நின்றீர்கள் என்று யாருக்கும் சொல்லாது. நம் கருவி வண்டி ஓடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று உங்கள் டாக்ஸி டிரைவரிடம் கேட்டால், 'எனக்கென்ன சார் தெரியும், எஃப்.சி.க்குக் கேட்டாங்க, மாட்டிட்டேன்' என்பார்.

அமெரிக்காக்காரர்கள் பட்டதும் நமக்குப் பாடம். 2015-ல் நியூயார்க், டாம்பா, வயோமிங் என்று மூன்று இடங்களில் வண்டிகள் ஒன்றோடொன்றும், சிக்னலோடும் பேசிக்கொள்கிற வெள்ளோட்டத்தை ஆரம்பித்தார்கள். செலவு நாலரைக் கோடி டாலருக்கு மேல். நியூயார்க்கில் எட்டாயிரம் வண்டி என்று திட்டம் போட்டு மூவாயிரத்தில் வந்து நின்றது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். தடுமாறியது. மக்கள் தங்களை வேவு பார்ப்பார்கள் என்று பயந்ததால், எந்த நேரம், எந்த இடம் என்ற விவரத்தை அழித்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். கடைசியில் பெரிய அடி எங்கிருந்து விழுந்தது தெரியுமா? இந்த வண்டிகள் பேசுவதற்கென்று 1999-ல் ஒதுக்கிய அலைவரிசையில் பாதிக்கு மேல் பிடுங்கி வை-ஃபைக்குக் கொடுத்துவிட்டது அவர்கள் தகவல் தொடர்பு ஆணையம், 2020 நவம்பரில். மிச்சத்திலும் பழைய தொழில்நுட்பம் கூடாது என்றது. வாங்கி மாட்டிய கருவிகளுக்கு வேலை போயிற்று.

அதோடு முடியவில்லை. 2022 பிப்ரவரியில் அங்கே ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 3ஜி சேவையை மூடியது. 3ஜி-யை நம்பி, மோதினால் தானாகக் கூப்பிடும் வசதியோடு விற்ற எத்தனையோ கார்கள் ஒரே நாளில் ஊமையாகின. எஞ்சின் நன்றாக இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, வாய் மட்டும் போய்விட்டது. கார் பதினைந்து வருடம் ஓடும். சிம் கார்டுக்குள் இருக்கிற தொழில்நுட்பத்தின் ஆயுள் அவ்வளவு இல்லை. நம் டாக்ஸிக்காரர் மாட்டியிருக்கிற கருவிக்கும் ஒரு நாள் இதே கதி வரும். அப்போது புதுக் கருவிக்கு யார் பணம் தருவது? பேரேட்டில் அதற்கும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டாமா?

இதையெல்லாம் சொன்னால், 'அப்போ தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறாயா, மாட்டு வண்டிக்குத் திரும்பிப் போகலாமா' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்காக இரண்டு நல்ல விஷயங்கள் சொல்கிறேன்.

நாக்பூரில் 2021-ல் ஒரு வெள்ளோட்டம் ஆரம்பித்தார்கள். மாநகராட்சி பஸ்களில் கேமரா வைத்த எச்சரிக்கைக் கருவி. முன்னால் போகிற வண்டியையோ, குறுக்கே வருகிற ஆளையோ நெருங்கினால் டிரைவருக்குச் சத்தம் கொடுக்கும். இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் செய்த அடுத்த காரியம்தான் புத்திசாலித்தனம். எந்த இடத்தில் பஸ்களின் கருவி அடிக்கடி கத்துகிறது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். ஒரே இடத்தில் பத்து டிரைவர்களுக்கும் கத்தினால் தப்பு டிரைவர்மீது இல்லை, ரோட்டின்மீது. இன்னும் சாவு விழாத, ஆனால் விழப்போகிற இடம் அது. அந்த இடத்தைச் சரி செய்யச் சொல்லி இன்ஜினீயருக்குத் தகவல் போகும். இங்கே கருவி பேசுவது பஸ்ஸைப் பற்றி என்றாலும் பிழைப்பது யார்? பஸ்ஸில் கருவி இருப்பதே தெரியாமல் ரோட்டைக் கடக்கிற பாட்டி.

இரண்டாவது நம் ஊர் விஷயம். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ்காரர் செல்போனிலேயே படத்தோடு பதிவு செய்கிற 'ஐராட்' என்ற தளத்தை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. 2021-ல் முதலில் இறங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதே வருடம் டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தரும். இதில் யார் தருகிறார், யார் பெறுகிறார், எத்தனை மணி நேரம் என்று மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறது. இப்படி எழுதினால் ஆடிட்டர் என்ன, அடியேனும் கையெழுத்துப் போடுவேன்.

ஆகவே எதிர்ப்பு தொழில்நுட்பத்துக்கு இல்லை. வரிசையைத் தலைகீழாக மாற்றியதற்குத்தான்.

என்ன செய்ய வேண்டும்? காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், காருக்கு முன்னால் பஸ்ஸைப் பேசவையுங்கள். 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு மினி பஸ்ஸில் ஜனங்களைக் கொண்டுவந்தார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. அன்றைக்கு ஜனங்களுக்குத் தேவைப்பட்டது 33 வசதிகள் இல்லை. அடுத்த பஸ் எப்போது, எந்த வாசலில் கூட்டம் குறைவு என்கிற இரண்டே தகவல். சென்னையில் மாநகரப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்ட 2022-ல் செயலி வந்தது. வைகாசி கருட சேவைக்கு வந்து காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கும் அது வேண்டும். செல்போன் இல்லாதவருக்காக ஒரு பெரிய போர்டும் வேண்டும்.

இரண்டாவது, நாக்பூர் செய்ததை நம் அரசுப் பஸ்களிலும் செய்யுங்கள். காந்தி ரோட்டிலும் பொன்னேரிக்கரையிலும் எந்தத் திருப்பத்தில் பஸ் டிரைவர்கள் தினமும் பிரேக்கில் ஏறி நிற்கிறார்கள் என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் அங்கே ஒருத்தர் செத்தால் அதை விபத்து என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது, கார் மோதினால் போகிற தகவல் கம்பெனி கால் சென்டரோடு நிற்காமல் நேராக 108-க்கும் போக வேண்டும் என்று சட்டம் போடுங்கள். சந்தாவைப் புதுப்பித்தாரா இல்லையா என்று பார்த்து உயிரைக் காப்பாற்றக் கூடாது. காரில் மோதப்பட்டு ரோட்டோரம் கிடக்கிற எக்ஸெல்காரருக்கும் அந்த ஒரு அழைப்புத்தான் ஆம்புலன்ஸைக் கொண்டுவரும்.

நான்காவது, புதிதாக எந்தக் கருவியைக் கட்டாயமாக்கினாலும் அரசாணையின் முதல் பக்கத்தில் மூன்று வரி இருக்கட்டும். மறுமுனையில் யார் எடுப்பார்? எத்தனை நிமிடத்தில் ஆள் வரும்? வராவிட்டால் யார் பதில் சொல்வார்? கார்களுக்குள் பேச்சு ஏற்படுத்த அலைவரிசை ஒதுக்குவது பற்றியெல்லாம் டெல்லியில் பேச்சு நடக்கிற நேரம் இது. இந்த மூன்று வரியைக் கேட்காமல் விட்டால், பேசத் தெரியாத வண்டிக்கு எஃப்.சி. இல்லை என்று சொல்வார்களே தவிர, பேசினால் கேட்பது யார் என்று சொல்ல மாட்டார்கள்.

இது உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாத விஷயம் இல்லை. உங்கள் மகள் ராத்திரி கால் டாக்ஸியில் ஏறும்போது, 'பட்டன் இருக்கே, பயமில்லை' என்று நீங்கள் நிம்மதியாக இருந்தால், அந்த நிம்மதிக்குப் பின்னால் விழித்திருக்கிற ஒரு ஆள் இருக்க வேண்டும். இல்லாத காவல்காரரை இருப்பதாக நம்புவது, காவல்காரரே இல்லை என்று தெரிந்து கதவைப் பூட்டிக்கொள்வதைவிட ஆபத்து.

பட்டனை அழுத்திச் சோதிக்காதீர்கள். நிஜமாகவே வேலை செய்தால் போலீஸ்காரரின் நேரத்தை வீணாக்கிய பாவம் வரும். அதற்குப் பதில், ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். 'போன வருடம் எங்கள் மாவட்ட வண்டிகளிலிருந்து எத்தனை முறை பட்டன் அழுத்தப்பட்டது? எத்தனை முறை ஆள் போனார்? சராசரியாக எத்தனை நிமிடம் ஆனது?' மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம்.

மூன்று எண்கள் வந்தால் காது இருக்கிறது என்று அர்த்தம். 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று ஒரு வரி வந்தால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போங்கள். காலிங் பெல்லை அழுத்துங்கள். அங்கேயாவது யாராவது கதவைத் திறப்பார்கள்.